சட்னிக்குப் போன தேங்காய்

அத்தியாயம் 14

மாதவராஜுக்கு ‘வேண்டாம்’ என்ற வார்த்தை வாயில் வராது. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி மெஸ் நடத்துகிறவருக்கு அது நல்ல குணம். பெண்கள் கபடி அணி நடத்துகிறவருக்கு அது ஆகவே ஆகாது.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்று மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னாறு அணியின் மேனேஜர் ரஞ்சித்குமார் மெஸ்ஸுக்கு வந்தார். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். காபி குடித்துக்கொண்டே ஒரு பேச்சை எடுத்தார். “உங்க லெஃப்ட் கார்னர் யுவராணியை எங்களுக்குக் குடுத்துருங்க. எங்க லூர்துமேரியை நீங்க எடுத்துக்குங்க.” மாதவராஜ், “யோசிச்சுச் சொல்றனுங்க” என்றார். அடுத்து ரஞ்சித்குமார் பையனின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்து, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டை நீட்டினார். மாதவராஜ் வாங்கிக்கொண்டார். அவர் மனைவி மணிமேகலை, வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாதே என்று, ஒரு தேங்காயும் நாலு பழமும் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அவ்வளவுதான். காதுகுத்துப் பத்திரிகை என்று நினைத்து இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு யுவராணியின் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. கல்லூரித் தோழி அனுப்பியது. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃபிளெக்ஸ். அதில் யுவராணி, இடுப்பில் கை வைத்து, ஆள் உயரத்துக்கு நிற்கிறாள். ‘எங்கள் சின்னாறு அணியின் புதிய லெஃப்ட் கார்னரே, வருக வருக!’ கீழே தபால்தலை அளவில் பதினான்கு பேரின் முகம்.

யுவராணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனை அப்படியே கல்லாவில் இருந்த மாதவராஜின் முன்னால் வைத்தாள்.

“மாமா, இது என்னங்க?”

மாதவராஜ் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். ஃபிளெக்ஸ் மாறவில்லை.

யுவராணிக்குப் பத்தொன்பது வயது. வேற்று ஆள் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. மணிமேகலை மாதவராஜுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். மாதவராஜின் தங்கை கண்ணம்மாள், மணிமேகலையின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பாப்பாரப்பட்டி போனாள். கண்ணம்மாளின் மகள்தான் யுவராணி. தர்மபுரியில் கல்லூரி, அத்தை வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் கபடி. மூன்று வருஷமாக இந்த வீட்டுப் பெண்தான்.

“இரு சாமி, நான் கேக்கறேன்” என்று மாதவராஜ் போனை எடுத்தார்.

ரஞ்சித்குமார் குஷியாக இருந்தார். “பாத்தீங்களா? டிசைன் நல்லாருக்குங்களா?”

“நான் யோசிச்சுச் சொல்றேன்னுதானுங்க சொன்னேன்!”

“சொன்னீங்க. அப்புறம் தட்டை மாத்துனீங்கல்ல? அக்கா கையாலயே தேங்கா பழம் வெச்சுத் திருப்பிக் குடுத்தாங்க. தட்டு மாத்துனா சம்மதம்னுதானே நம்ம ஊர்ல அர்த்தம்?”

“அது காதுகுத்துக்கு வெச்ச தட்டுங்க!”

“காதுகுத்துக்குப் பத்திரிகை வெச்சேன். பேசுனது ஆட்டக்காரப் பொண்ணப் பத்தி. அப்புறம் தட்டு எதுக்குன்னு நினைச்சீங்க? எங்க லிஸ்ட்டையும் நேத்தே கபடி சங்கத்துல குடுத்தாச்சு. லூர்துமேரி பேரு அதுல இல்ல. இன்னிக்கு அஞ்சு மணியோட பேரு பதியறது முடியுது, அதுக்குள்ள உங்க பேப்பர் வந்துரட்டும், அண்ணா.” போனை வைத்துவிட்டார்.

மாதவராஜ் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏ மேகலா! அந்தத் தேங்கா எங்க? திருப்பிக் குடுத்துரலாம்.”

“எந்தத் தேங்கா?”

“வியாழக்கிழமை வந்த தேங்கா!”

“அது நேத்தே சட்னிக்குப் போயிருச்சே. நீங்கதான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீங்க.”

யுவராணி துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். “அத்தை, எனக்கு மதியம் சாப்பாடு வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

மணிமேகலையின் மெஸ்ஸில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதும் சண்டை போடுவதும் ஒன்றுதான்.

காலைக் கூட்டம் ஓய்ந்ததும் மூன்று பேரும் பின்கட்டில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு முறம் சின்ன வெங்காயம். மூன்றாவது ஆள் சசிகலா. மாதவராஜின் மகள், இருபத்தெட்டு வயது, பக்கத்துப் பள்ளியில் பி.டி. டீச்சர், அணியின் கேப்டன். பத்து வருஷமாக இந்த அணிக்குப் பாடிப் போகிறவள். கபடியில் எதிராளி கட்டத்துக்குள் பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு வருவது ஒரு வேலை. வந்த ஆளைப் பிடித்து அமுக்குவது இன்னொரு வேலை. சசிகலா பாடுகிறவள். கட்டத்தின் இடது மூலையில் நின்று காலைப் பிடித்துச் சாய்ப்பவள் யுவராணி.

சசிகலாவின் வலது முழங்கால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் லிகமென்ட் கிழிந்து தைத்தது. அதற்கு முன் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது பாயின்ட் எடுப்பாள். இப்போது மூன்று எடுத்தால் பெரிய விஷயம்.

“அப்பா, உணர்ச்சிவசப்படாம பேசலாமா?” என்றாள்.

“பேசு.”

“ஆறு டீம்ல நம்ம மூணாவது. முதல் ரெண்டு டீம்தான் திருச்சிக்கு, ஸ்டேட் ஆடப் போகும். இன்னும் மூணு மேட்ச் இருக்கு. நம்மகிட்ட புடிக்கிறதுக்கு ஆளு இருக்கு, பாடறதுக்கு ஆளு இல்ல. போன மேட்ச்ல யுவராணி மட்டும் ஏழு பேரப் புடிச்சா. அப்பிடியும் தோத்தோம். லூர்துமேரி வந்தா மேட்சுக்குப் பத்துப் பாயின்ட் நிச்சயம்.”

“யுவராணி போயிட்டா கார்னர்ல யாரு நிப்பா?”

“பிரியதர்ஷினிய நிறுத்திப் பழக்கலாம்.”

“அவளா? அவ வர்றவங்களுக்கு வழி விட்டு நிக்கற புள்ளயாச்சே!” என்றார் மாதவராஜ்.

“மூணு மேட்ச்தானேப்பா.”

மாதவராஜ் மோவாயைத் தடவினார். அவருக்கு ஆட்டத்தை விடத் தட்டுதான் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. “தட்டு வாங்கிட்டுப் பேச்சு மாறிட்டான்னு பாலக்கோடு பூரா சொல்லுவானுங்க. என் வாக்குக்கு ஒரு மரியாதை வேண்டாமா? குடுத்தாச்சுன்னு வெச்சுக்குவோம். அவளுக்கும் ஒண்ணும் கொறஞ்சு போயிராது. பெரிய டீம்தானே.”

சங்கத்தின் தாளை எடுத்தார். மேனேஜர், கேப்டன், மாறிப் போகும் ஆட்டக்காரர் என்று மூன்று கையெழுத்துக்கு இடம் இருந்தது. தன் இடத்தில் போட்டார். நல்ல கையெழுத்து, கடைசியில் ஒரு சுழி வேறு.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மணிமேகலை கத்தியைக் கீழே வைத்தாள்.

“அவளக் கேட்டீங்களா?”

“நல்லதுக்குத்தானே மேகலா...”

“நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. அவளக் கேட்டீங்களான்னு கேட்டேன்.”

இரண்டு பேரும் வெங்காயத்தைப் பார்த்தார்கள்.

“முப்பது வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா இப்பிடித்தான் ஒரு தட்டு மாத்துனாரு. எங்கண்ணனுக்குப் பொண்ணு அமையல. நீங்க உங்க தங்கச்சியக் குடுத்தீங்க, பதிலுக்கு என்னக் கேட்டீங்க. நான் அப்போ ஆட்டுக்குத் தழை ஒடிச்சிட்டு வந்து நிக்கறேன். ‘மேகலா, உனக்குப் பேசி முடிச்சாச்சு’ன்னாங்க. யாருக்குன்னுகூட அடுத்த நாளுதான் சொன்னாங்க.”

“உன்ன நான் என்ன கொறையா வெச்சிருக்கேன்?” மாதவராஜுக்கு முகம் சிறுத்துப் போனது.

“நீங்க நல்ல மனுசன். அது வேற. என்ன யாரும் கேக்கல. அது வேற.”

சசிகலா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சை அவள் கேட்டதில்லை.

“இன்னொண்ணும் சொல்றேன் கேட்டுக்க” என்று மணிமேகலை மகளிடம் திரும்பினாள். “நீ வயித்துல இருக்கும்போது உங்கப்பாகூடச் சண்ட போட்டுட்டுப் பொறந்த வூட்டுக்குப் போயிட்டேன். பத்தாவது நாளு, அங்க நல்லா குடும்பம் பண்ணிட்டிருந்த கண்ணம்மாள மூட்டை கட்டி இங்க அனுப்பிட்டாங்க. அவ என்ன தப்பு பண்ணா? ஒண்ணும் இல்ல. எங்கண்ணன் பொண்டாட்டியா இருந்தா, அவ்வளவுதான். மாத்திக்கிட்டவங்க சண்ட போட்டா, மாத்திவுட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அடி விழுறது பொண்ணுங்களுக்குத்தான்.”

கத்தியை மறுபடி எடுத்தாள். “தட்டுல தேங்கா வெச்சுக் குடுத்தது நானு. என் தப்பும் இருக்குது. அதனாலதான் சொல்றேன். அவ வாயால போறேன்னு சொன்னா அனுப்புங்க. இல்லன்னா வேண்டாம். சசி, நீ போயிக் கேளு.”

“நானா?”

“நீதானே கேப்டன்?”

பள்ளிக்குப் பின்னால் மண் மைதானம். மதியம் இரண்டரை மணி வெயில். யுவராணி தனியாகக் குனிந்து, பாய்ந்து, எழுந்து கொண்டிருந்தாள். இல்லாத ஒரு ஆளின் கணுக்காலைப் பிடிக்கிற பயிற்சி. முட்டியிலும் முழங்கையிலும் செம்மண்.

சசிகலா பையில் தாளை வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். உண்மையைச் சொன்னால், வியாழக்கிழமை அப்பா இந்தப் பேச்சைச் சொன்னபோது சசிகலாவுக்குச் சந்தோஷம்தான். அடுத்த வருஷம் முழங்கால் விடாது, டாக்டர் சொல்லிவிட்டார். பத்து வருஷம் ஆடியும் ஒரு தடவைகூட ஸ்டேட் போனதில்லை. லூர்துமேரி வந்தால் போகலாம். இவ்வளவுதான் அவள் கணக்கு. அந்தக் கணக்கில் யுவராணி ஒரு ஆளாக வரவே இல்லை, ஒரு இடமாகத்தான் வந்தாள். அதை நினைத்தபோது சசிகலாவுக்கு வெட்கமாக இருந்தது.

“யுவா.”

“வாங்கக்கா.” அவள் நிமிரவில்லை.

“உன்னக் கேக்காமயே எல்லாம் ஆயிருச்சு. இப்ப கேக்கறேன். சின்னாறுக்குப் போறியா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நான் நினைக்கிறது எதுக்கு?”

“சொல்லுங்கக்கா. பொய் சொல்லாம சொல்லுங்க.”

சசிகலா சொன்னாள். “நீ போனா எனக்கு நல்லது. நான் ஸ்டேட் ஆடிருவேன். உனக்கு நல்லதான்னு எனக்குத் தெரியல.”

யுவராணி தலையை ஆட்டினாள். கோபமெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டதுபோல இருந்தாள். “சரி. ஒரே ஒரு தடவ பாடி வாங்க. என்னத் தொட்டுட்டு நடுக்கோட்டத் தாண்டிட்டீங்கன்னா நான் போறேன். புடிச்சிட்டா இங்கயே இருப்பேன்.”

“விளையாட்டாடி இது?”

“பின்ன என்னங்கக்கா, கல்யாணமா?”

சசிகலா செருப்பைக் கழற்றினாள். முழங்கால் உறையை இழுத்து இறுக்கினாள். நடுக்கோட்டில் கால் வைத்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். எத்தனை வயசானாலும் அந்தப் பழக்கம் போகாது.

கபடி கபடி கபடி...

இடப்பக்கம் போக்குக் காட்டினாள். யுவராணி அசையவில்லை. மூலையில் ஒட்டிக்கொண்டு, சசிகலாவின் கண்ணைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்தாள். இதைச் சொல்லிக் கொடுத்தவளே சசிகலாதான். இன்னும் ஒரு எட்டு உள்ளே போனாள். கையை வீசினாள். விரல் நுனி யுவராணியின் தோளில் பட்டது.

திரும்பிய அதே நொடியில் கணுக்காலில் பிடி விழுந்தது. இரண்டு கையும் கோத்த இரும்புப் பிடி. வலது கால்.

சசிகலா கோட்டைப் பார்த்து எம்பினாள். கால் வரவில்லை. உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் சுருக்கென்று ஒரு இழுப்பு. ‘ஐயோ’ என்று அவள் வாய் திறக்கவில்லை. பாட்டு நின்றால் ஆட்டம் போச்சு. ஆனால் கால் நடுங்கியது யுவராணியின் கைக்குத் தெரிந்திருக்கும்.

பிடி விட்டது.

சசிகலா குப்புற விழுந்தாள். அவளுடைய கை கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

“தாண்டிட்டீங்க” என்றாள் யுவராணி, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே.

“நீ விட்டுட்ட.”

“வேர்வைங்கக்கா. வழுக்கிருச்சு.”

அவள் கையில் புறங்கை வரை செம்மண் அப்பியிருந்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. மூன்று வருஷத்தில் அந்தப் பிடி ஒரு தடவைகூட வழுக்கியதில்லை என்பது இந்த மாவட்டத்தில் கபடி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

“தாளக் குடுங்க” என்று கையை நீட்டினாள். சசிகலா கொடுக்கவில்லை. யுவராணியே அவள் பையிலிருந்து எடுத்து, தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தாளின் ஓரத்தில் செம்மண் விரல் பதிந்தது. “சொன்னா சொன்னதுதான். நீங்க ஸ்டேட் ஆடுங்க. அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சசிகலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். மைதானத்தில் யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள்.

தர்மபுரி டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நொண்டிக்கொண்டே சங்க அலுவலகத்தின் மாடிப்படி ஏறும்போது மணி நாலே முக்கால்.

பதிவு பார்க்கும் இத்ரீஸ் பாய் மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே ரஞ்சித்குமார். ஓரத்து பெஞ்சில் ஒரு பெண், மடியில் ஒரு பெரிய பை. ஒல்லியாக, உயரமாக, முப்பத்தொரு வயது. சசிகலாவுக்கு அவளைத் தெரியும். நாலு வருஷமாக எதிர்க்கட்டத்திலிருந்து பாடி வந்து தன் அணியைக் கலைத்துவிட்டுப் போகிற லூர்துமேரி.

“வாங்க டீச்சர். மூணு கையெழுத்தும் இருக்குதா?” என்று இத்ரீஸ் பாய் கேட்டார்.

சசிகலா தாளை எடுத்தாள். இரண்டாகக் கிழித்தாள். “இல்லீங்க. யுவராணி எங்கயும் போகல.”

ரஞ்சித்குமார் எழுந்துவிட்டார். “என்னம்மா இது? தட்டு மாத்திட்டு...”

“அப்பா தெரியாம வாங்கிட்டாருங்க. மன்னிச்சுக்குங்க. தேங்கா வேணும்னா நாளைக்கே பத்து வாங்கித் தர்றேன். பொண்ணத் தர முடியாது.”

“ஃபிளெக்ஸ் வெச்சாச்சும்மா!”

“எடுத்துருங்க. நீங்க லூர்துமேரி அக்காவையே திரும்பச் சேத்துக்குங்க, டைம் இருக்கே.”

“அதெப்பிடி? நேத்து ஊரக் கூட்டிச் சால்வை போட்டு வழியனுப்பியாச்சு. விடுவிச்சு லெட்டரும் குடுத்தாச்சு. திருப்பிக் கூட்டிட்டுப் போனா ஊர்ல சிரிப்பானுங்க. என் லிஸ்ட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்.” காதுகுத்துக்கு வர வேண்டாம் என்பதை மட்டும் வாயால் சொல்லாமல், விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

லூர்துமேரி பெஞ்சிலேயே இருந்தாள். பையின் வாயில் அந்தச் சால்வையின் சரிகை தெரிந்தது.

“உங்க பொண்ண நீங்க விட்டுக் குடுக்கல. நல்லது” என்றாள். குரலில் குத்தல் இல்லை. “எனக்குத்தான் இப்ப டீம் இல்ல.”

கண்ணம்மாள் அத்தை மூட்டையோடு வந்து நின்ற கதையைக் காலையில்தான் சசிகலா கேட்டிருந்தாள். இவ்வளவு சீக்கிரம் அந்த மூட்டையை நேரில் பார்ப்போம் என்று நினைக்கவில்லை.

“பாய், இவங்க எங்க டீம்ல சேர முடியுங்களா? மாத்தாம, சும்மா?”

“விடுதலை லெட்டர் இருக்கு. சேரலாம். ஆனா உங்க லிஸ்ட்ல பன்னெண்டு பேரும் நெறஞ்சிருக்கே. ஒரு பேர அடிச்சாத்தான் இவங்கள எழுத முடியும்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நிமிஷம் இருக்கு.”

லிஸ்ட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சசிகலா ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். பிரியதர்ஷினியை எடுக்கலாம். வழிவிட்டு நிற்கிற பிள்ளைதான். ஆனால் கேட்டால் அழுவாள். கேட்காமல் எடுத்தால் இன்னும் அழுவாள். இந்தப் பன்னிரண்டு பேரில் கேட்காமல் எடுக்கிற உரிமை ஒரே ஒரு பெயரின் மேல்தான் தனக்கு இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

பேனாவை வாங்கினாள். முழங்கால் விண்விண் என்று வலித்தது. பத்து வருஷமாக ஒன்றாம் இடத்தில் இருந்த பெயர். ஒரே கோடாக அடித்தாள்.

இத்ரீஸ் பாய் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “டீச்சர்... உங்க பேரு.”

“தெரியுதுங்க. அக்கா பேர எழுதுங்க.”

அவர் எழுதினார். முத்திரையை எடுத்தவர் நிறுத்தினார். “கேப்டன் பேர அடிச்சிட்டீங்க. இனி கேப்டன்னு யாரப் போடட்டும்?”

சசிகலா யோசிக்கவே இல்லை. “யுவராணி.”

“பத்தொம்பது வயசுங்களே?”

“எங்க டீம்ல அவளவிட ஆளு இல்ல. எழுதுங்க.”

பெஞ்சிலிருந்த லூர்துமேரி எழுந்து மேசைக்கு வந்தாள். லிஸ்ட்டைப் பார்த்தாள், சசிகலாவைப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணக் கேட்டீங்களா?”

காலையிலிருந்து ஒரு வீடே இந்த ஒரு கேள்விக்காகத்தான் அல்லோலகல்லோலப்பட்டது. அதைக் கேட்கத்தான் அம்மா சசிகலாவை அனுப்பினாள்.

“கேக்கலீங்க” என்றாள்.

மணி ஐந்தாக நாலு நிமிஷம். இத்ரீஸ் பாய் பேனாவைத் தாளின் மேல் பிடித்தபடி காத்திருந்தார். சசிகலா போனை எடுத்து யுவராணியின் எண்ணை அழுத்தினாள்.

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.